ஆர்வில் நின்ற மூலை

ஆர்வில் வீன்ஸ்ட்ராவுக்கு முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்ல வராது. க்ளியர்ஃபோர்க் ஊரில் பாதிப் பேருக்கு வராதுதான். ஆனால் மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள், பனி எப்போது விடும் என்று கேட்பார்கள், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆர்வில் அதற்குள் "ஆமா" என்று சொல்லி முடித்திருப்பான்.

அந்த டிசம்பரில் அவன் மூன்று பேருக்கு "ஆமா" சொல்லியிருந்தான்.

அயோவா மாநிலத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் கூத்து அது. ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் இங்கேதான் வந்தாக வேண்டும். கோடையில் சந்தைத் திடலில் பன்றி இறைச்சி சுட்டுத் தின்பார்கள், எந்தக் குழந்தை கையில் கிடைத்தாலும் தூக்குவார்கள், சோளம் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பார்கள். குளிர்காலம் வந்ததும் அவர்களுடைய ஆட்கள் வெளிமாநிலங்களிலிருந்து வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். ஜனவரி முதல் வாரம் முடிந்தால் ஒரு ஈ காக்காய் இருக்காது. பிறகு க்ளியர்ஃபோர்க்கில் என்ன மூடினாலும், யார் வீடு ஏலத்துக்குப் போனாலும், கேட்க வருகிறவன் வங்கிக்காரன் மட்டும்தான்.

முதலில் வந்தவர் இல்லினாயிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர். புருவமெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் ஒரு மனிதன் வாசலில் நின்று, "உங்க ஆதரவு எங்க ஆளுக்குத்தானே?" என்று கேட்டால் ஆர்வில் என்ன செய்வான்? "ஆமா" என்றான். உள்ளே கூப்பிட்டுக் காப்பியும் கொடுத்தான்.

இரண்டாவதாகக் கேட்டது அவன் மனைவி லவான். அவள் கேட்கவே இல்லை, சொன்னாள். வேறொரு வேட்பாளருக்கு அவள் அந்த வட்டாரத்தின் பொறுப்பாளராகப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து எழுதிட்டேன்" என்றாள். அவன் தலையாட்டினான்.

மூன்றாவது ஜாய்ஸ் லிண்ட்கிரென். ஆர்வில் இப்போது வேலை பார்க்கும் கடையின் முதலாளி. அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான்.

ஆர்வில் இருபத்து நான்கு வயதிலிருந்து பள்ளிப் பேருந்து இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். நாட்டில் பாதிப் பிள்ளைகள் தன் கையால் முறுக்கிய திருகாணிகளின் மேல்தான் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வான். லவான் அங்கே தையல் பிரிவில் இருந்தாள். சர்க்கரை வியாதி கண்ணைத் தொட்ட பிறகு நின்றுகொண்டாள். போன வருடம் தொழிற்சாலையை மெக்ஸிகோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசி ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே வந்தபோது, கொட்டுகிற மழையில் வாசலில் ஒரு வேட்பாளர் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். கேமரா கூட இல்லாமல் வந்தார் என்று லவான் இன்றைக்கும் சொல்வாள். ஆர்வில் ஒரு கேமராவைப் பார்த்தான். சொல்லவில்லை. அந்த மனிதருக்குத்தான் இப்போது லவான் பொறுப்பாளர்.

வேலை போனதுகூடப் பெரிதில்லை. வேலையோடு போனது மருத்துவக் காப்பீடு. வியாதி இருக்கிறவளுக்குத் தனியாகக் காப்பீடு கொடுக்க எந்த நிறுவனமும் தயாராக இல்லை. ஆரோக்கியமாக இருந்தால் கொடுப்பார்களாம். லவான் தொலைபேசியில் ஒருவனிடம், "நனையாதவனுக்குத்தான் குடை விப்பீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். இன்சுலினை அளவு குறைத்துப் போட்டுப் பார்த்தாள். அந்த மாதம் இரண்டு முறை சமையலறையில் மயங்கி விழுந்தாள்.

டென்வரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடலாம் என்று வீட்டை விற்பனைக்குப் போட்டார்கள். வாசலில் பலகை நட்ட நாளிலிருந்து ஒரு கார் வேகம் குறைத்துப் போனதுகூட இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு நாள் சாவியைக் கதவிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வங்கி அந்தக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டியது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் விலை என்று ஒன்று இல்லை. வீட்டின் மேல் இருக்கும் கடன் வீட்டைவிடப் பெரிதாகிவிட்டது. இருக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர், இது பொருளாதாரத்தின் சிறு தடுமாற்றம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தடுமாறுகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் அதற்கு என்ன பெயர் என்று ஆர்வில் யோசித்தான்.

அந்த நேரத்தில்தான் ஜாய்ஸ் அவனைத் தன் கடையில் சேர்த்துக்கொண்டாள். மாட்டுத் தீவனம், ஆணி, மரப்பலகை, பனிக்கு பூட்ஸ், சாலையில் தூவ உப்பு என்று எல்லாம் விற்கிற கடை. சம்பளம் பழையதில் பாதி. ஆனால் காப்பீடு உண்டு. லவானின் பெயர் அதில் ஏறிய அன்று ஆர்வில் கடையின் பின்பக்கம் போய், தீவன மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான்.

ஆனால் ஊரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இல்லை, பலகை விற்கவில்லை. ஆர்வில், டுவெய்ன் என்று இரண்டு பேர்தான் கடையில். இரண்டு பேருக்கு வேலை இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஒன்றுமில்லாத அலமாரியை ஆளுக்கொரு தடவை துடைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஜாய்ஸ் ஆர்விலின் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வருடம் பிறப்பதற்கு முதல் நாள் தன் வேட்பாளரின் பெயர் போட்ட வில்லைகளைக் கொண்டுவந்து டுவெய்னின் சட்டையில் குத்தினாள், ஆர்விலின் சட்டையிலும் குத்தினாள். "வியாழக்கிழமை சாயங்காலம் பாக்கலாம், என்ன?" என்றாள். ஆர்வில் "ஆமா" என்றான். வீட்டுக்குப் போகும் வழியில் வில்லையைக் கழற்றி டிரக்கின் சாம்பல் கிண்ணத்தில் போட்டான்.

ரகசிய வாக்கு என்றால் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. நவம்பரில் நடக்கும் பெரிய தேர்தலில் திரைக்குப் பின்னால் போய் யாருக்கு வேண்டுமானாலும் போட்டுவிட்டு, மூன்று பேரிடமும் சிரித்துவிட்டு வரலாம். ஆனால் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனவரியில் நடக்கும் காக்கஸ் கூட்டம் அப்படி இல்லை. அங்கே சீட்டு கிடையாது. பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடி, ஆளாளுக்கு ஒரு மூலையில் போய் நிற்க வேண்டும். நிற்பதுதான் வாக்கு. ஊரே பார்க்கும். இதைவிட நேர்மையான ஜனநாயகம் உலகத்தில் இல்லை என்று செய்தித்தாளில் எழுதுவார்கள். எழுதுகிறவனின் முதலாளி எதிர் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று ஆர்வில் நினைத்துக்கொண்டான்.

ஜாய்ஸ் மிரட்டினாள் என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. அதுதான் அவனைத் தின்றது. மிரட்டியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். இரண்டு பேரில் ஒருவரை நிறுத்த வேண்டி வந்தால், தன் மூலையில் நின்றவனையா, எதிர் மூலையில் நின்றவனையா, யாரை நிறுத்துவாள்? இதை லவானிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் நேரே ஜாய்ஸிடம் போய்க் கேட்டுவிடுவாள். அல்லது, அதைவிட மோசம், "எனக்காக நீ ஒண்ணும் விலை போக வேணாம்" என்று மருந்தை நிறுத்திவிடுவாள். இரண்டையும் செய்யக்கூடியவள். ஆகவே அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இருவரும் ஒரே டிரக்கில்தான் போனார்கள். லவான் மடியில் ஒரு பெரிய தட்டு நிறைய எலுமிச்சை பார், சதுரம் சதுரமாக வெட்டிய இனிப்பு. மூலை மாற நினைக்கிறவர்களை இழுக்க ஒவ்வொரு மூலையிலும் தின்பண்டம் இருக்கும், அது ஊர் வழக்கம். அவள் முன்னால் இறங்கி, தன் வேட்பாளரின் தட்டியைச் சுவரில் ஒட்ட ஓடினாள். ஆர்வில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். ஜாய்ஸ் புள்ளிப் பலகைக்குக் கீழே நின்று அவனைப் பார்த்துக் கையசைத்தாள். பக்கத்தில் டுவெய்ன். எதிர்ப்பக்கம், பந்து வளையத்துக்கு அடியில் நாற்காலியில் ஏறித் தட்டியை ஒட்டிக்கொண்டிருந்த லவானின் முதுகு தெரிந்தது. அவள் திரும்புவதற்குள் ஆர்வில் நடந்து ஜாய்ஸின் மூலைக்குப் போய்விட்டான்.

லவான் நாற்காலியிலிருந்து இறங்கித் தேடினாள். கண்டுபிடித்ததும் நிதானமாக அரங்கத்தைக் கடந்து வந்தாள்.

"வழி மாறி வந்துட்டியா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா. இங்க நிக்கிறேன்."

"சும்மா நிக்க இது என்ன பஸ் ஸ்டாப்பா?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். க்ளியர்ஃபோர்க்கில் புருஷன் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் சண்டை போடுவதில்லை. லவான் அவனையும் பார்த்தாள், ஜாய்ஸையும் பார்த்தாள், ஜாய்ஸுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னாள், திரும்பிப் போனாள். வழியெல்லாம் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்போடு அவள் போனதை அரங்கமே பார்த்தது.

மூன்றாவது மூலையும் நிரம்பிக்கொண்டிருந்தது. அது தபால்காரரின் ஆளுக்கு. வெளிமாநிலத்தார் நிற்க முடியாதாகையால் தபால்காரர் மேலே மரப்படிக்கட்டில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். அவரும் ஆர்விலைப் பார்த்துத் துக்கமாகத் தலையசைத்தார்.

கூட்டத்துக்குத் தலைவர் ஹார்லன் பீட்டர்சன். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோரும் சிறு வயதில் அவரிடம் தப்பாகப் பாடியவர்கள். அவர் முதல் எண்ணிக்கையை எடுத்துப் பலகையில் எழுதினார். வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டு. ஜாய்ஸின் மூலையில் ஐம்பத்திரண்டு. தபால்காரரின் ஆளுக்கு நாற்பத்தொன்பது. லவானின் மூலையில் பதினேழு. நூற்றுக்குப் பதினைந்து பேர் இல்லாத மூலை செல்லாது என்பது விதி. அந்தக் கணக்குப்படி குறைந்தது பதினெட்டுப் பேர் வேண்டும்.

"அரை மணி நேரம் தர்றேன்" என்றார் ஹார்லன். "இடம் மாறணும்னா மாறுங்க. அப்புறம் எண்ண ஆரம்பிச்சுட்டா யாரும் அசையக் கூடாது."

ஒரே ஒரு ஆள் குறைச்சல். அந்த ஒரு ஆள் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த அரை மணி நேரம் சந்தை மாதிரி இருக்கும். ஆட்கள் மூலை மூலையாகப் போய்க் கையைப் பிடித்து இழுப்பார்கள், தின்னக் கொடுப்பார்கள், பழைய உதவிகளை ஞாபகப்படுத்துவார்கள். ஆர்விலிடம் யாரும் வரவில்லை. எதிர் மூலையிலிருந்து கென்னி ஸ்லாவிக் மட்டும் கையைக் குவித்துக் கத்தினான். தொழிற்சாலையில் பல வருடம் ஆர்விலுக்குப் பக்கத்து மேடையில் நின்று வேலை செய்தவன்.

"ஏய் ஆர்வில்! லவான் செஞ்ச பார் இருக்குடா. இனிமே உனக்கு வீட்டுல கிடைக்காது, இங்கயாவது வந்து தின்னுட்டுப் போ!"

அரங்கம் சிரித்தது. ஜாய்ஸின் மூலையும் சிரித்தது. ஆர்விலும் சிரித்தான், காது மடல் எரிந்தது. அந்த மூலையில் மழையன்று வாசலில் அவனோடு வெளியே வந்த முகங்கள் எட்டு, பத்து இருந்தன. கென்னிக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி இப்போது தலைநகர் டெ மாய்னில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள், வாரம் ஒருமுறை ஊருக்கு வருகிறாள். அவர்களில் யாருக்கும் அந்த வேட்பாளர் ஜெயிப்பார் என்ற நம்பிக்கை இருந்திருக்க முடியாது. அவர் தொழிற்சாலையைத் திருப்பிக் கொண்டுவரப் போவதும் இல்லை. தாங்கள் இன்னும் எண்ணிக்கையில் இருக்கிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வந்திருந்தார்கள். அந்த எண்ணிக்கைக்கு ஆர்வில் ஒருவன்தான் குறைந்தான்.

லவான் அவனைக் கூப்பிடவில்லை. தட்டிலிருந்த பார்களை வரிசையாக அடுக்கினாள், மறுபடி கலைத்து அடுக்கினாள்.

ஆர்விலின் மனதில் சமையலறைத் தரை வந்தது. அவள் விழுந்து கிடந்த விதம், கையில் கரண்டியை விடாமல் பிடித்திருந்தது. போகலாம் என்று ஒரு கால் சொன்னது. அந்தத் தரை அவனை நகர விடவில்லை. நேரம் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

அப்போது ஜாய்ஸ் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போங்க ஆர்வில். லவான்கிட்ட போங்க."

"பரவாயில்ல. நான் இங்கயே இருக்கேன்."

"எதுக்கு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்." அவள் குரல் தேய்ந்தது. "நாளைக்குக் காலையில சொல்லலாம்னு இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், வாய் வரல. ரெண்டு பேரை வச்சு நடத்த முடியல. பேங்க்காரன் இந்த வருஷம் கை விரிச்சுட்டான். டுவெய்னுக்கு மூணு குழந்தைங்க. இந்த மாசத்தோட நீங்க நின்னுக்கணும்."

ஆர்வில் எதிர்ச் சுவரில் லவான் ஒட்டிய தட்டியைப் பார்த்தான்.

"நீங்க எங்க நின்னாலும் அது மாறப் போறதில்ல. இதை மனசுல வச்சுக்கிட்டு, நீங்க எனக்காக இங்க நிக்கிறதைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல. மன்னிச்சுக்குங்க."

அவள் மூக்கை உறிஞ்சினாள். உண்மையாகவே அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆர்வில் அவளைத் தேற்றினான். பழக்கதோஷம். "பரவாயில்ல ஜாய்ஸ், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றான். பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது. வில்லை குத்திய நாளிலிருந்து தூக்கமில்லாமல் போட்ட கணக்கு, பெண்டாட்டியை ஊர் முன்னால் தனியே சிரித்துக்கொண்டு நடக்க விட்டது, எல்லாம் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றைக் காப்பாற்றத்தான். அவனுடைய நிற்றலுக்கு யாரும் விலை வைத்திருக்கவே இல்லை.

அவன் நடந்தான். மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டியதும் கைதட்டல் தொடங்கியது. கென்னி விசிலடித்தான். தபால்காரர்கூட எழுந்து நின்று தட்டினார். முதலாளியை விட்டுவிட்டு மனைவியிடம் போகிறவனை ஊர் பார்த்தது. ஆர்வில் தலையைக் குனிந்துகொண்டே வந்தான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

லவான் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். அவள் கண் நனைந்திருந்தது. "எனக்குத் தெரியும், நீ வந்துடுவேன்னு" என்றாள். கென்னி ஒரு பாரை அவன் வாயில் திணித்தான். ஆர்வில் மென்றான்.

"அசையாதீங்க" என்றார் ஹார்லன். "சின்ன மூலையிலிருந்து எண்ணலாம். வாயால சொல்லுங்க, ஆளாளுக்கு."

கென்னி "ஒண்ணு" என்றான், அரங்கம் அதிர. எண் ஆள் மாறி ஆள் மாறி வரத் தொடங்கியது. லவான் கடைசிக்கு முன்னால் நின்றாள், ஆர்வில் கடைசியில்.

"ஜாய்ஸ் உங்கிட்ட என்ன சொன்னா?" என்று லவான் கிசுகிசுத்தாள். "ரொம்ப நேரம் பேசினாளே. கோவமா?"

"இல்ல."

"நல்லவதான் அவ. நாளைக்குக் கடையில ஏதாவது சொன்னா..."

"லவான்." அவன் தொண்டையில் எலுமிச்சையும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போது சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போகும் வழியில் இவள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வருவாள், அதையும் கேட்க வேண்டியிருக்கும். "என்னை நிறுத்திட்டா. இந்த மாசத்தோட."

எண் ஒன்பதைத் தாண்டியிருந்தது. லவான் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ இங்க வந்ததுக்கா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டா. அதான் போகச் சொன்னா."

"காப்பீடு?"

"அதுவும்தான்."

பதின்மூன்று. பதினான்கு. அவள் அவன் கையை விடவில்லை, இறுக்கவும் இல்லை. அது அவன் கைக்குள் ஒரு பொருள் மாதிரி இருந்தது.

"அப்ப நீ அங்க நின்னது..." என்று தொடங்கி அவள் நிறுத்திக்கொண்டாள். அவன் தலையசைத்தான். பக்கத்திலிருந்தவர் "பதினாறு" என்றார்.

அடுத்த எண் வரவில்லை. ஹார்லன் பென்சிலோடு நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் ராகம் விட்டுப்போன பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"லவான், நீதாம்மா."

லவான் மூச்சை இழுத்தாள். "பதினேழு" என்றாள், எப்போதும் பேசும் அதே உரத்த குரலில்.

"பதினெட்டு" என்றான் ஆர்வில்.

அவர்களைச் சுற்றி ஆரவாரம் எழுந்தது. யாரோ அவன் முதுகில் தட்டினார்கள், யாரோ லவானைக் கட்டிக்கொண்டார்கள், அவள் ஒரு கையால் அவர்களை அணைத்தாள், இன்னொரு கை ஆர்விலிடமே இருந்தது. "வீட்டுல எத்தனை இன்சுலின் புட்டி இருக்கு?" என்று அவள் யார் தோளுக்கு மேலிருந்தோ கேட்டாள். அவன் தெரியவில்லை என்றான். மெதுவாக வாசல் பக்கம் நகரலாமா என்று கண்ணால் கேட்டான்.

ஹார்லன் கையைத் தூக்கினார். மற்ற இரண்டு மூலைகளும் முடியும் வரை எல்லோரும் அவரவர் இடத்திலேயே நிற்க வேண்டும் என்று மறுபடியும் சொல்லிவிட்டு, புள்ளிப் பலகைக்குக் கீழே போனார். ஜாய்ஸ் "ஒண்ணு" என்றாள். எண்ண இன்னும் தொண்ணூற்றொன்பது பேர் இருந்தார்கள்.